சிவப்பு மையில் சுழித்த பெயர்

நான் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தது 1986-இல். சேர்ந்த ஆறாவது மாதமே பதிவறைக்கு அனுப்பினார்கள். பட்டா, சான்றிதழ் என்று பொதுமக்கள் வந்து நிற்கும் பிரிவில் இருப்பவருக்கு அலுவலகத்தில் ஒரு மதிப்பு உண்டு. பதிவறைக்காரருக்குத் தூசியும் தும்மலும்தான் மிச்சம் என்று மூத்தவர்கள் கேலி செய்வார்கள். அந்தத் தாலுகா அலுவலகத்தின் பின்கட்டில், கைக்கு எட்டாத உயரத்தில் மட்டும் சாளரம் வைத்த நீண்ட அறையில், கிராமவாரியாகவும் பசலிவாரியாகவும் துணியில் பொதிந்து நாடாவால் கட்டிய கட்டுகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. பசலி என்பது ஜூலை முதல் தேதி தொடங்கும் வருவாய் ஆண்டு. அப்போதைய ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் கிடைப்பது. 1986 ஜூலையில் பிறந்தது பசலி 1396. இந்தக் கணக்கு தெரியாதவர் அந்த அறையில் ஒரு காகிதத்தைக்கூடத் தேடி எடுக்க முடியாது.

ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழித்து அந்த அறையைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு பெரியவர். எண்பது வயதைக் கடந்தவர். இணையத்திலிருந்து எடுத்த பட்டா நகல் ஒன்றை நான்காக மடித்துக்கொண்டு வந்து, "தம்பி, இதுல எங்க அப்பா பேரைக் காணோமே" என்றார். அவருடைய தாத்தா வாங்கிய நிலம். தாத்தாவுக்குப் பின் மூன்று மகன்கள் பெயரிலும் இருந்த கூட்டுப் பட்டா. நகலில் மூத்தவரின் பெயர் மட்டும் இருந்தது. இவர் இரண்டாமவரின் மகன். மூத்தவரின் பேரப்பிள்ளைகள் மோசடி செய்தவர்கள் அல்லர். அவர்களும் நகலைப் பார்த்துத் திகைத்தவர்களே. யாரும் மனுக் கொடுக்காமல், யாரும் உத்தரவு போடாமல், இரண்டு பெயர்கள் அரசின் கணக்கிலிருந்து மறைந்திருந்தன.

பழைய அ-பதிவேட்டைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்கு இது எப்படி நடந்திருக்கும் என்று ஓரளவு ஊகிக்க முடியும். ஒரு கிராமத்தின் புல எண்கள் (சர்வே எண்கள்) அனைத்தையும் வரிசையாகக் கொண்ட பேரேடு அது. அரசு நிலமா ரயத்துவாரி நிலமா (உழவர் அரசுக்கு நேரடியாக வரி கட்டும் பட்டா நிலம்), நஞ்சையா புஞ்சையா, மண்ணின் தரம், பரப்பு, தீர்வை (நிலவரி), பட்டாதாரர் பெயர் என்று ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு வரி. நிலம் கைமாறும்போது பழைய பெயரை அழிப்பதில்லை. சிவப்பு மையால் அதைச் சுழித்து, மேலே புதிய பெயரை எழுதி, எந்த உத்தரவின்படி மாற்றப்பட்டது என்ற எண்ணையும் தேதியையும் ஓரத்தில் குறித்து, அலுவலர் சுருக்கொப்பமிடுவார். மறுபடியும் கைமாறினால் மறுபடியும் ஒரு சுழிப்பு. வெகுகாலம் புழங்கிய பக்கத்தில் ஒரே எண்ணின்மேல் மூன்று நான்கு பெயர்கள் ஏறியிருக்கும். இடம் போதாமல் ஒட்டுத்தாளும் ஒட்டியிருக்கும்.

பார்ப்பதற்கு அலங்கோலம்தான். ஆனால் இன்றைய பட்டாதாரர் யார் என்பதோடு, அவருக்கு முன் யார் இருந்தார், எப்போது மாறியது, யாருடைய உத்தரவால் மாறியது என்பதும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. ஓரத்திலுள்ள எண்ணைக் கொண்டு பதிவறையில் உரிய கோப்பை எடுக்கலாம். அதில் மனு, கிராமக் கணக்கரின் அறிக்கை, ஆட்சேபணை, வாக்குமூலம், உத்தரவு என்று எல்லாம் வரிசையாக நூலில் கோத்திருக்கும். பதிவேட்டிலுள்ள ஒரு வரிக்கு வலிமை அந்த ஓர எண்ணிலிருந்துதான் வந்தது. எண் இல்லாத வரி, யாரோ எழுதி வைத்த ஒரு பெயர் மட்டுமே.

காகிதத்திலிருந்து கணினிக்கு மாறியதைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் பரப்பையும் பெயரையும் பற்றிப் பேசுகிறார்கள். எத்தனை கிராமங்கள் ஏற்றப்பட்டன, எத்தனை பக்கங்கள் ஸ்கேன் செய்யப்பட்டன என்பதே கூட்டங்களில் கேட்கப்படும் கேள்வி. ஓர எண்கள் எத்தனை வந்து சேர்ந்தன என்று என் பணிக்காலத்தில் நடந்த எந்த ஆய்வுக் கூட்டத்திலும் யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கணினி வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் ஒரு பெரும் படியெடுப்பு நடந்து முடிந்திருந்தது. 1979 ஜூன் முதல் தேதி தொடங்கி 1987 ஏப்ரல் இறுதிவரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் அது. பெயர் நீளம் என்பதால் ஊரிலுள்ள பாட்டிமார் உட்பட எல்லோருக்கும் அது 'யுடிஆர்'தான். நிலத்தை அளந்து, தரம் பிரித்து வரி விதித்த ரயத்துவாரி நிலவரித் திட்டத்தின்போது எழுதிய பழைய பதிவேடுகளுக்கும் களத்தில் உழுதுகொண்டிருந்தவர்களுக்கும் இடையில் தொடர்பு அறுந்துபோயிருந்தது. விற்றவர் பெயரிலும் இறந்தவர் பெயரிலும் பட்டாக்கள் கிடந்தன. ஆகவே கிராமம் கிராமமாகச் சென்று விசாரித்து, புதிய அ-பதிவேடும் புதிய சிட்டாவும் எழுதப்பட்டன. ஏக்கரும் சென்ட்டும் போய் ஹெக்டேரும் ஏரும் வந்தன. நோக்கத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை.

அந்தத் திட்டத்தின் நடுவில் இன்னொன்றும் நடந்தது. 1980 நவம்பர் 14 முதல், கர்ணம் (கிராமக் கணக்கர்) உள்ளிட்ட பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகள் அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. பிறகு முழுநேரக் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் திண்ணையில் இருந்த அதிகாரத்தை அகற்றிய அந்த முடிவு நியாயமானது என்பதே என் கருத்து. ஆனால் ஆவணங்களைப் பொறுத்தவரை அதற்கு ஒரு விலை இருந்தது. கிராமக் கணக்குகள் அந்த வீடுகளின் மரப்பெட்டிகளில் இருந்தன; எது எங்கே இருக்கிறது, ஒரு சுருக்கக் குறிக்கு என்ன பொருள், எந்தப் புலத்தில் யாருக்கும் யாருக்கும் வாய்ச்சொல் ஏற்பாடு என்பதெல்லாம் பெட்டிக்கு வெளியே, அந்த மனிதர்களின் தலைக்குள் இருந்தன. பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டன. நான் பதிவறையில் பிரித்த சில கட்டுகளில் ஒப்படைப்புப் பட்டியல் இருந்தது. பட்டியலிலிருந்த சில கணக்குகள் இல்லை. வேறு சிலவற்றில் கணக்குகள் இருந்தன, பட்டியல் இல்லை.

புதிய பதிவேடுகள் வெள்ளைத்தாளில், ஒரே மையில், அடித்தல் திருத்தல் இன்றி எழுதப்பட்டன. பழைய பக்கத்தின் சுழிப்புகள் புதிய பக்கத்துக்கு வரவில்லை. வர வேண்டிய தேவை இருப்பதாகவும் யாருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் நோக்கமே புதிதாகத் தொடங்குவது. அந்த இடைவெளியில் நுழைந்த பிழைகள் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. 'யுடிஆர் தவறு' என்ற சொற்றொடரை எந்தத் தாலுகா அலுவலக வாசலிலும் ஒரு மணிநேரம் நின்றால் கேட்டுவிடலாம். அதைத் திருத்த வேண்டுமானால் வழி ஒன்றுதான்: அதற்கு முந்தைய நிலவரித் திட்டப் பதிவேட்டை எடுத்து ஒப்பிட வேண்டும். புதியது வந்துவிட்டதே என்று 1987-இல் பழையதை அப்புறப்படுத்தியிருந்தால், இத்தனை ஆண்டுகளாக அந்தப் பிழைகளைத் திருத்துவதற்கு ஆதாரம் என்று காட்ட எதுவும் இருந்திருக்காது.

பெரியவர் வீட்டு நிலத்தின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. 1950-களின் பதிவில் மூன்று சகோதரர்களின் பெயர்களும் இருந்தன என்று அவர் உறுதியாகச் சொன்னார். யுடிஆர் பதிவேட்டின் நகலை எடுத்துப் பார்த்தபோது, அதில் மூத்தவர் பெயரும் அதையடுத்து 'வகையறா' என்ற சொல்லும் இருந்தன. எழுதியவருக்குக் கட்டத்தில் இடம் போதவில்லை, அல்லது பொறுமை போதவில்லை. ஆனாலும் அந்தச் சொல் ஏதோ ஒன்றைக் காப்பாற்றி வைத்திருந்தது: இந்த மனிதர் மட்டும் அல்லர், வேறு சிலரும் உண்டு என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

கணினி அதையும் விட்டுவிட்டது. நில ஆவணங்களைக் கணினிமயமாக்கும் மத்திய அரசுத் திட்டம் 1988-89-இல் தொடங்கியது. அது 2008-இல் தேசிய நில ஆவண நவீனமயமாக்கல் திட்டமாக விரிந்து, பின்னர் டிஜிட்டல் இந்தியா என்ற அடைமொழியையும் பெற்றது. தமிழ்நாட்டில் இன்று பட்டா, சிட்டா, அ-பதிவேடு எல்லாம் 'தமிழ்நிலம்' என்ற மென்பொருளில் இருக்கின்றன. இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயலாகும். ஒரு சிட்டா நகலுக்காக விவசாயி ஒருவர் மூன்று நாள் கூலியை இழந்து அலுவலகத்துக்கு நடந்ததையும், நகலின் விலை அரசுக் கட்டணத்தைவிடப் பல மடங்காக இருந்ததையும் மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். இன்று துபாயில் வேலை பார்க்கும் மகன் அங்கிருந்தே எடுத்து அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறான்.

என் குறை ஏற்றப்பட்ட விதத்தைப் பற்றியது. தட்டச்சு செய்பவர் முன் திரையில் கட்டங்கள் இருந்தன: பெயர், உறவுமுறை, தந்தை அல்லது கணவர் பெயர், பரப்பு. 'வகையறா' என்பது யாருடைய பெயரும் அன்று. அதற்குத் தந்தையும் இல்லை. ஆகவே அதற்குக் கட்டமும் இல்லை. காகிதத்தில் எழுதுபவர் இக்கட்டு வந்தால் ஓரத்தில் குறித்துவிடுவார். திரைக்கு ஓரம் கிடையாது. பென்சில் குறிப்பு, 'வழக்கு நிலுவை' என்று சரிவாக எழுதிய வரி, சந்தேகம் என்று காட்டும் கேள்விக்குறி ஆகிய எல்லாம் இப்படித்தான் கரை ஏறாமல் நின்றன. பரப்பில் வேறு வகைப் பிழை. ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு ஏர். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 40.5 ஏர், பதிவேட்டில் 0.40.5 என்று எழுதுவோம். அது 0.04.05 ஆகத் தட்டச்சு செய்யப்பட்டால் ஓர் ஏக்கர் பத்து சென்ட் ஆகிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

சரிபார்ப்பு நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நடந்தது, நானும் செய்தேன். ஒருவர் மூலப் பதிவேட்டை உரக்கப் படிக்க, இன்னொருவர் அச்சுப்படியில் டிக் அடித்துக்கொண்டே வருவார். காலையில் படித்த கிராமங்கள் நன்றாக இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு படித்த கிராமங்களைப் பற்றி நான் உறுதி கொடுக்க மாட்டேன். நடுவில் தேர்தல் வேலை வரும், வெள்ள நிவாரணம் வரும், ஜமாபந்தி என்ற கிராமக் கணக்குகளின் ஆண்டுத் தணிக்கை வரும். சரிபார்ப்பை முடித்ததாகக் கையெழுத்திட வேண்டிய தேதி மட்டும் தள்ளிப்போகாது.

கணினிக்கு வந்த பிறகு நடந்த மாறுதல்களில் இந்தக் குறை பெரும்பாலும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இப்போது ஒரு பட்டா மாறுதல் நடந்தால் உத்தரவு எண்ணும் தேதியும் குறிப்புரையில் வந்து உட்காருகின்றன. யார், எப்போது ஒப்புதல் கொடுத்தார் என்பதும் உள்ளே பதிவாகிறது. சிவப்பு மைக்காரர் ஓரத்தில் செய்ததை மென்பொருள் இன்னும் கறாராகச் செய்கிறது. ஏற்றிய நாளுக்கு முந்தைய வரலாறுதான் பிரச்சினை. அந்த நாளுக்கு முன் நிலத்துக்கு ஒரு கடந்தகாலமே இருந்ததில்லை என்பதுபோலப் பல பதிவுகளின் குறிப்புரையில் வெறும் கோடுகள் மட்டும் இருக்கின்றன.

இது ஏட்டுச் சுரைக்காய் வாதம் அன்று. பிழை எந்தப் படியெடுப்பில் நேர்ந்தது என்பதைப் பொறுத்து, யாரிடம் மனுக் கொடுக்க வேண்டும் என்பதே மாறிவிடுகிறது. என் பணிக்காலத்தில், கணினியில் ஏற்றும்போது நேர்ந்த எழுத்துப்பிழை என்று காட்ட முடிந்தால் கீழ்நிலையிலேயே திருத்தலாம். யுடிஆர் காலத்தில் நேர்ந்தது என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் வரை போக வேண்டும். பெரியவரின் பெயர்ச்சிக்கலில் பாதி யுடிஆரில் நேர்ந்தது, பாதி கணினியில் நேர்ந்தது. முதலாவதில் பெயர்கள் 'வகையறா' ஆயின; இரண்டாவதில் 'வகையறா' ஒன்றுமில்லாமல் ஆயிற்று. அவருடைய மனுவை இரண்டு அலுவலகங்களும் சில மாதங்கள் மாறி மாறி ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொண்டன. இரண்டு பக்கமும் சட்டப்படி சரியாகவே நடந்துகொண்டன என்பதுதான் எரிச்சல்.

எழுத்துருவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. தமிழில் அரசு ஆவணங்களைக் கையாள்பவர்களுக்கு ஆங்கிலத்தில் வேலை செய்பவர்கள் அறியாத ஒரு துன்பம் உண்டு. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் அரசின் தரமாக அறிவிக்கப்பட்டன. அலுவலகங்களிலோ தட்டச்சுப் பயிற்சி பெற்றவர்கள் பழைய தட்டச்சு விசை அமைப்பிலேயே வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்தார்கள். வெளியே அச்சகங்களில் பாமினி. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறியீடு கொண்டது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து, பூனை விசைப்பலகையில் நடந்ததுபோல் இருக்கும். 2010 ஜூனில்தான் யுனிகோடும் டேஸ்16 என்ற குறியீடும் அரசின் தரமாக ஆணையிடப்பட்டன. அதன் பிறகும் பழக்கம் மாறப் பல ஆண்டுகள் ஆயின.

விளைவு என்னவென்றால், 2000-ஐ ஒட்டிய பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் செயல்முறை ஆணைகள் பல, கணினியில் பிறந்தும் இன்று கணினியில் தேடக் கிடைக்காதவை. ஃபிளாப்பியில் வைத்தவை ஃபிளாப்பியோடு போயின. குறுந்தகட்டில் வைத்தவற்றைப் படிக்கும் இயக்கி இப்போதைய கணினிகளில் இல்லை. அந்தக் காலகட்டத்துக்கு இன்று நம்பத்தக்க ஆவணம் எது என்று கேட்டால், அவற்றை அச்சிட்டுக் கையெழுத்திட்டுக் கோப்பில் கோத்த தாள்தான். 1930-இன் பதிவேட்டைவிட 2003-இன் ஆணையைத் தேடுவது கடினம் என்று ஒருமுறை மேலதிகாரியிடம் சொன்னேன். நகைச்சுவைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரித்தார்.

இன்னும் பின்னால் போனால் வேறொரு தடை. பழைய கணக்குகளில் தேதி, மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. ௳, ௴, ௵, ௸, ௹ போன்ற இவை 2003-இல் யுனிகோடில் இடம்பெற்றன. ஆனால் மா, காணி, முந்திரி என்று நிலத்தையும் நெல்லையும் அளந்து எழுதிய பின்னக் குறிகள் யுனிகோடுக்குள் வந்தது 2019-இல்தான். இருபதில் ஒரு பங்கு, எண்பதில் ஒரு பங்கு, முந்நூற்றிருபதில் ஒரு பங்கு என்று மூதாதையர் ஒரே கோட்டில் எழுதிச்சென்றதை, அதுவரை தட்டச்சு செய்ய விரும்பியவர் படமாக ஒட்டவோ சொல்லால் விரித்து எழுதவோ வேண்டியிருந்தது. அச்செழுத்துத் தமிழை இன்றைய மென்பொருள்கள் ஓரளவு நன்றாகவே படித்துவிடுகின்றன. கர்ணத்தின் கூட்டெழுத்தை நானே மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கித்தான் படிப்பேன். ஆகவே பழைய பதிவேட்டை ஸ்கேன் செய்து வைப்பது அதன் படத்தை வைப்பதே தவிர, அதைக் கணினிக்குப் படிக்கக் கொடுப்பது ஆகாது. எந்தக் கிராமம், எந்தப் பசலி, எந்த எண் முதல் எந்த எண் வரை என்று ஒரு மனிதர் உட்கார்ந்து சுட்டி எழுதாவிட்டால், பத்தாயிரம் படங்கள் உள்ள கோப்புறை, நாடா அவிழ்ந்து கலந்துபோன கட்டுக்குச் சமம்.

மின் அலுவலகம் என்ற பெயரில் கோப்புகளே கணினியில் ஓடத் தொடங்கியதைப் பற்றி எனக்குப் பெரும்பாலும் நல்ல அபிப்பிராயம்தான். கோப்பு யார் மேசையில் எத்தனை நாளாக இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. எழுதிய குறிப்பைக் கிழித்துவிட்டு வேறு தாளைச் செருக முடியாது. தன்பதிவேட்டில் (எழுத்தர் தன்னிடம் வரும் கடிதங்களைக் குறித்துவைக்கும் ஏடு) நிலுவையைக் குறைத்துக் காட்டும் பழைய வித்தைகள் எல்லாம் செல்லாமல் போயின. இருந்தாலும் இரண்டு பழக்கங்கள் தேய்வதைக் கண்டேன். தமிழில் அரசுக் கடிதம் எழுதியவர்களுக்கு 'பொருள்', 'பார்வை' என்ற இரு வரிகள் தெரிந்திருக்கும். பொருளில் துறை, மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், விஷயம் என்று படிப்படியாக இறங்கி வருவோம். பார்வையில் இதற்கு முன் வந்த மனு, கடிதம், ஆணை ஆகியவற்றின் எண்ணும் நாளும் வரிசையாக இருக்கும். என்னைப் பழக்கிய தலைமை எழுத்தர் பார்வையில் ஓர் எண் விடுபட்டால் வரைவையே திருப்பி எறிவார். மின்கோப்பில் 'மனு தொடர்பாக' என்ற பொருளோடு கோப்பு திறக்கப்படுவதையும், எல்லாம் உள்ளேயே இருக்கிறதே என்று பார்வை வெறுமையாக விடப்படுவதையும் பார்த்திருக்கிறேன். அந்தக் கோப்பு திறந்திருக்கும்வரை தொல்லை இல்லை. ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, எண் தெரியாமல் புல எண்ணை மட்டும் வைத்துத் தேடுபவர் கையில் அது சிக்காது.

மற்றது, முடித்து வைக்கும் பழக்கம். காகிதக் கோப்பை முடிக்கும்போதே இது ஓராண்டு வைக்க வேண்டியதா, மூன்றாண்டா, பத்தாண்டா, நிரந்தரமா என்று தீர்மானித்து அதன்படி எண் கொடுப்போம். காலம் முடிந்தவை பட்டியலிட்டு அழிக்கப்படும். அலமாரிக்கு எல்லை இருந்ததால் இந்தத் தீர்மானத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. சர்வருக்கு அப்படி ஓர் எல்லை கண்ணுக்குத் தெரிவதில்லை. எனவே விருந்தினர் மாளிகை அறை ஒதுக்கீட்டுக் கடிதமும் நில எடுப்புத் தீர்வமும் ஒரே மரியாதையோடு கிடக்கின்றன. எல்லாவற்றையும் வைத்திருப்பது பத்திரமான வழி என்று இளைய நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார். மென்பொருள் மாறும் நாளில் எதை முதலில் புதியதற்குக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார். யுடிஆரைப் பார்த்தவனுக்கு அந்தப் பதில் ஆறுதல் தரவில்லை.

இனி, ஸ்கேன் செய்த பின் தாளை என்ன செய்வது என்ற கேள்வி. இடநெருக்கடியில் இருக்கும் எந்த அலுவலரும் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார். அந்தப் பதிலுக்கு நான் அஞ்சுகிறேன். சட்டத்தின் பக்கம் நிலைமை இப்படி இருக்கிறது: மின்னணு ஆவணத்துக்கு 2000-இன் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பு அளித்தது, பின்னாளிலும் எடுத்துப் பார்க்கத்தக்க வடிவில் அது காக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. எல்லாப் பதிவுகளையும் வகைப்படுத்தி, சுட்டி எழுதி, இயன்றவரை கணினியில் வைக்க வேண்டும் என்று 2005-இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நான்காம் பிரிவில் சொல்கிறது. அந்தச் சட்டம் வகுத்த விலக்குகளில் 'கோப்பு கிடைக்கவில்லை' என்பது இல்லை. அரசு ஆவணங்களைப் பாதுகாப்பதற்கென்றே 1993-இல் வந்த பொது ஆவணச் சட்டம் மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மட்டுமானது. தாலுகா பதிவறைக்கு அது பொருந்தாது. ஆவணங்களை அழிப்பதற்கான சட்டம் 1917-லேயே வந்துவிட்டது என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு தமிழர்களுக்குத் தெரிந்த கதை. சுந்தரர் தன் அடிமை என்று கிழவர் வடிவில் வந்த சிவபெருமான் காட்டிய ஓலையைச் சுந்தரர் கிழித்துப்போடுகிறார். கிழிந்தது படியோலை, மூலவோலை இதோ என்று கிழவர் சபையில் எடுத்து நீட்டுகிறார். எனக்கு அதில் பிடித்த இடம் அதற்கடுத்தது. மூலம் என்று சொன்னதையும் சபையார் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. காப்பிலிருந்து சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, எழுத்தை எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆவணத்தின் உண்மை, அதோடு காப்பில் இருக்கும் மற்ற ஆவணங்களைச் சார்ந்தது என்று சேக்கிழார் காலத்துக்கே தெரிந்திருக்கிறது. ஒரு பதிவேட்டில் 1 என்பது 4 ஆக மாற்றப்பட்டிருந்தால், தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சுரண்டிய இடம் தெரியும்; மையின் நிறம் தெரியும். கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்த படத்தில் சிவப்புச் சுழிப்பே கறுப்பாகிவிடுகிறது.

அதற்காகப் படிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தின் பழமையான கலச மகால் எரிந்தபோது அங்கிருந்த அலுவலகங்களின் கோப்புகளும் எரிந்தன. தீயணைக்கச் சென்ற வீரர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூனில் மும்பையில் மகாராஷ்டிரத் தலைமைச் செயலகம் எரிந்தது. ஒரே ஓர் இடத்தில், ஒரே ஒரு தாளாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. கரையானும் மழையும் தீயைப்போலச் செய்தியாவதில்லை. ஆனால் நான் இழந்த பக்கங்களில் பெரும்பாலானவை அவற்றிடம் இழந்தவை. வண்ணத்தில் நல்ல படியும் வேண்டும், சுட்டியும் வேண்டும், மூலமும் இருக்க வேண்டும் என்பதே என் நிலை. எழும்பூரில் 1909-இல் பதிவுகளுக்கென்றே கட்டிய செந்நிறக் கட்டடத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் காகிதங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. இருபதாண்டுக்கு முந்தைய குறுந்தகட்டைப் பற்றி நாம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

பெரியவரின் விஷயத்துக்கு வருகிறேன். மாவட்டத் தலைநகரின் பதிவறையில் பழைய நிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலுக்கு விண்ணப்பித்தோம். இரண்டு முறை 'தேடப்படுகிறது' என்று பதில் வந்தது. மூன்றாம் முறை நானே நேரில் போனேன். அங்கிருந்த பதிவறை எழுத்தர் இளம்பெண். நான் 1986-இல் இருந்ததுபோலவே, பிடிக்காத இடத்துக்கு அனுப்பப்பட்டவர் என்பது முகத்தில் தெரிந்தது. நானும் பழைய பதிவறைக்காரன் என்று சொன்னதும் நாற்காலி போட்டார். கிராமத்தின் பெயர் பழைய பதிவுகளில் வேறு எழுத்துக்கூட்டலில் இருந்ததால் கட்டு வேறு அடுக்கில் இருந்தது. பக்கத்தின் ஓரம் பொடிந்திருந்தது, ஆனால் வரி முழுமையாக இருந்தது: தாத்தாவின் பெயர் சிவப்பு மையால் சுழிக்கப்பட்டு, மேலே மூன்று மகன்களின் பெயர்கள் பொடி எழுத்தில் நெருக்கி எழுதப்பட்டு, ஓரத்தில் உத்தரவு எண், 1957-ஆம் ஆண்டின் ஒரு தேதி, யாரோ ஓர் அலுவலரின் சுருக்கொப்பம்.

அந்தப் பக்கத்தின் சான்றிட்ட நகல் இணைக்கப்பட்ட பிறகு மனு வேகமாகவே நகர்ந்தது. சென்ற மாதம் திருத்தம் முடிந்து, புதிய பட்டா நகலைப் பெரியவரின் பேத்தி கைப்பேசியில் எடுத்து அச்சிட்டு வந்தாள். மூவர் பெயரும் வரிசையாக இருந்தன. கீழே கியூஆர் குறியீடு இருந்தது. மூவருமே காலமானவர்கள் என்பதால் வாரிசுகள் பெயருக்கு மாற்றும் வேலை இனித் தொடங்க வேண்டும். குறிப்புரைக் கட்டத்தில், எதிர்பார்த்தபடி, இந்த ஆண்டின் திருத்த உத்தரவு எண் மட்டுமே இருந்தது. 1957-இன் எண்ணுக்கு அங்கே இடமில்லை. பெரியவரிடம் பேனா கேட்டு வாங்கி, நகலின் பின்பக்கத்தில் அந்தப் பழைய எண்ணையும் தேதியையும், பதிவேட்டின் பெயரையும் பக்க எண்ணையும், பழைய எழுத்துக்கூட்டலில் கிராமத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் வீட்டில் இருந்தது சிவப்புப் பேனா.